பெரிய லென்ஸ், சின்ன கேமரா, நடுவில் ஒரு கட்டுக்கதை

இது ஒரு சண்டைப் பதிவு. கேமரா பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். பெருக்கல், வகுத்தலுக்கு மேல் எதுவும் வராது. கேமராக் கிறுக்கு பிடித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஏனென்றால் திட்டு விழப்போவது உங்களுக்குத்தான் :-)

கொஞ்ச நாளாக ஒரே வசனத்தை எல்லாப் பக்கமும் கேட்கிறேன். "பழைய மீடியம் ஃபார்மட் லென்ஸ் ஒண்ணு வாங்கு, அடாப்டர் போட்டு உன் டிஜிட்டல் கேமராவில் மாட்டு, அப்புறம் பார் அந்த லுக்கை!" பழைய லென்ஸ் விற்பவர் சொல்கிறார். அடாப்டர் விற்பவர் சொல்கிறார். வீடியோ போடுபவர் பின்னணியில் பியானோ ஓடவிட்டுச் சொல்கிறார். எங்கள் வகுப்பில் ஒருவன் ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசை மொத்தமாக இதில் கொட்டக் கிளம்பிவிட்டான். கேட்டால் "உனக்கு ஃபீல் தெரியாதுடா" என்கிறான். ஃபீல் எனக்கும் தெரியும். கணக்கும் கொஞ்சம் தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் படித்துவிட்டுக் கிளம்பலாம். மீடியம் ஃபார்மட் லுக் லென்ஸில் இல்லை, ஃபிலிமின் அளவில் இருக்கிறது. அந்த லென்ஸைச் சின்ன கேமராவில் மாட்டும்போது நாம் லுக்கை வெட்டிப் போட்டுவிட்டு எடையை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அந்த லென்ஸில் உண்மையாகவே ஒரு சொத்து இருக்கிறது. ஆனால் முக்கால்வாசிப் பேர் அதற்காக அதை வாங்குவதில்லை.

சரி, கிளம்பாதவர்களுக்கு விளக்கம்.

முதலில் அ, ஆ

மீடியம் ஃபார்மட் என்றால் 120 ஃபிலிமில் எடுப்பது. கோடாக் கம்பெனி 1901-ல் பிரவுனி கேமராவுக்காகக் கொண்டுவந்த ஃபிலிம் அது, இன்றைக்கும் தயாராகிறது. அகலம் சுமார் 6 செ.மீ. அதில் 6×6 என்று சொல்கிற படத்தின் உண்மையான அளவு ஏறக்குறைய 56×56 மி.மீ. 6×4.5 என்றால் 56×41.5. பென்டாக்ஸ் 6×7 என்றால் 55×70. நாம் சாதாரணமாக ஃபிலிம் என்று சொல்லும் 35 எம்.எம். ஃபிலிமில் படத்தின் அளவு 24×36. இதே அளவில் சென்சர் இருந்தால் அது ஃபுல் ஃப்ரேம். காலேஜ் பசங்க கையில் அதிகம் இருக்கும் ஏபிஎஸ்-சி கேமராவில் சென்சர் சுமார் 23.5×15.6 மி.மீ. (கேனானில் இன்னும் கொஞ்சம் சின்னது).

பரப்பளவைப் போட்டுப் பாருங்கள். 6×6-க்கு 3136 சதுர மி.மீ., ஃபுல் ஃப்ரேமுக்கு 864, ஏபிஎஸ்-சிக்கு 366 சொச்சம். அதாவது 6×6 லென்ஸ் பாடுபட்டு வரைகிற படத்தில் ஃபுல் ஃப்ரேம் கேமரா எடுத்துக்கொள்வது 28 சதவீதம்கூட இல்லை. ஏபிஎஸ்-சி எடுத்துக்கொள்வது 12 சதவீதம். மீதி 88 சதவீதம் கேமராவின் உள்சுவருக்குப் போகிறது. ஒரு அண்டா சாம்பார் வைத்து ஒரு கரண்டி ஊற்றிக்கொள்கிற கதை. அந்த ஒரு கரண்டியில் அண்டாவின் ருசி முழுக்க இருக்கும் என்று வேறு சொல்கிறார்கள்.

அடாப்டர் என்பது என்ன? வெறும் உலோகக் குழாய், உள்ளே கண்ணாடி கிடையாது. மீடியம் ஃபார்மட் கேமராவில் லென்ஸ் மவுண்ட்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே தூரம் அதிகம். பென்டகான் சிக்ஸில் 74.1 மி.மீ., கேனான் இஎஃப் மவுண்ட்டில் 44, சோனி இ மவுண்ட்டில் 18. வித்தியாசத்தை ஒரு குழாய் நிரப்புகிறது, அவ்வளவுதான். கேனானுக்கு 30.1 மி.மீ. நீளத்தில் ஒரு குழாய், சோனிக்கு 56.1-ல் ஒன்று. ரொம்பச் சுலபமாகப் பொருந்துகிறது, தொலைவில் உள்ளதும் ஃபோகஸ் ஆகிறது. இதுவே ஆசையைக் கிளப்பிவிடுகிறது. பொருந்துகிறது என்பது வேறு, பொருள் இருக்கிறது என்பது வேறு!

கட்டுக்கதை 1: "லென்ஸோடு லுக்கும் வந்துவிடும்"

இந்தக் கட்சிக்காரர்களுக்குக் குலதெய்வம் மாதிரி ஒரு லென்ஸ் உண்டு. பென்டாக்ஸ் 6×7 கேமராவுக்கு வந்த 105 மி.மீ. எஃப்/2.4. அந்தக் கேமராவில் இது எடுக்கும் படங்கள் அழகோ அழகு, மறுக்கவே மாட்டேன். ஆளும் இருப்பார், அவர் நிற்கும் தெருவும் தாராளமாக இருக்கும், ஆனால் ஆள் மட்டும் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்பார். இந்தக் கலவைதான் "லுக்". அகலமான பார்வை, அதே நேரம் மெல்லிய ஃபோகஸ்.

இது எங்கிருந்து வருகிறது? அந்த லென்ஸின் ஒளி நுழையும் வாய், அதாவது 105-ஐ 2.4-ஆல் வகுத்தால் வருவது, சுமார் 44 மி.மீ. பின்னணி எவ்வளவு மங்கும் என்பதில் இந்த வாய்க்குப் பெரிய பங்கு. 55×70 ஃபிலிமில் இந்த 105 காட்டுகிற அகலம், ஃபுல் ஃப்ரேமில் ஏறக்குறைய 50 மி.மீ. லென்ஸ் காட்டுகிற அகலம். ஆக, 50-ன் பார்வை, 44 மி.மீ. வாய். இரண்டும் சேர்ந்தால்தான் மாயம்.

இப்போது அதே லென்ஸை ஃபுல் ஃப்ரேமில் மாட்டுங்கள். வாய் அதே 44 இருக்கிறது. பார்வை? போய்விட்டது. ஃபிலிமின் நீளப் பக்கத்தை நிறுத்திவைத்துப் பென்டாக்ஸில் 2 மீட்டரில் நின்று எடுத்தால் 1.3 மீட்டர் உயரம் படத்துக்குள் வரும். தலையிலிருந்து தொடை வரை. ஃபுல் ஃப்ரேமில் அதே இடத்தில் நின்றால் 70 செ.மீ.கூட வராது. முகமும் தோளும்தான். அதே 1.3 மீட்டர் வேண்டுமென்றால் நீங்கள் ஏறக்குறைய 4 மீட்டருக்குப் பின்வாங்க வேண்டும்.

பின்வாங்கினால் இரண்டு விஷயம் மாறும். ஒன்று, கோணம் சுருங்குவதால் பின்னால் இருக்கும் தெரு காணாமல் போய் ஒரு துண்டுச் சுவர் மட்டும் மிஞ்சும். இரண்டு, ஆளுக்கு 2 மீட்டர் பின்னால் இருக்கும் அந்தச் சுவரின் மங்கல் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். (நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பின்னணி எங்கோ மலைத்தொடர் என்றால் மங்கல் குறையாது. ஆனால் அந்த மலையிலும் பாதி அகலம்தான் தெரியும்.) மொத்தத்தில் கையில் கிடைப்பது சாதாரண டெலி போர்ட்ரெய்ட். அழகான படமாக இருக்கலாம். ஆனால் அது மீடியம் ஃபார்மட் லுக் கிடையாது.

நம்பவில்லையா? நிக்கான் 1959-லிருந்து எஃப் மவுண்ட்டில் ஒரு 105 எஃப்/2.5 விற்றது. 35 எம்.எம். கேமராவுக்கென்றே செய்த லென்ஸ். வாய் 42 மி.மீ. பென்டாக்ஸ் 105-க்கும் இதற்கும் சென்சருக்கு எட்டும் படத்தில் வித்தியாசம் மயிரிழை. பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் அதில் முகங்களை எடுத்தார்கள். ஒரே ஒருவராவது "ஆஹா, மீடியம் ஃபார்மட் லுக்" என்று சொன்னாரா? ஏனென்றால் அதன் பெட்டியில் 6×7 என்று எழுதவில்லை. லுக் பெட்டியில் இருக்கிறது போலும்.

ஃபுல் ஃப்ரேமில் அந்த 6×7 லுக்குக்கு மிக அருகில் போவது எது தெரியுமா? 50 எஃப்/1.2. வாய் 42 மி.மீ., பார்வையும் அதே 50. காசு இல்லையா, 50 எஃப்/1.4, வாய் 36. அதாவது 6×7 லுக் வேண்டுமென்றால் கடைசியாக வாங்க வேண்டிய லென்ஸ் 6×7 லென்ஸ்தான். இதைவிடக் காமெடி உண்டா?

கட்டுக்கதை 2: "மீடியம் ஃபார்மட்டில் 80 என்றால் நம்ம கேமராவில் 50 மாதிரி"

இது இன்னும் மோசம். குவியத் தூரம் என்பது லென்ஸின் சொந்த அளவு. என் உயரம் மாதிரி. நான் குட்டை ஆட்கள் நடுவில் நின்றாலும், நெட்டை ஆட்கள் நடுவில் நின்றாலும் என் உயரம் மாறாது. 80 மி.மீ. லென்ஸ் 6×6-க்குச் சாதாரணப் பார்வை தரும், ஃபுல் ஃப்ரேமில் குட்டி டெலி, ஏபிஎஸ்-சியில் இன்னும் இறுக்கமான டெலி. நிக்கான் 80-200 ஜூமை 80-ல் வைத்தால் என்ன தெரியுமோ அதே அகலம்தான் ஹாசல்பிளாட் 80-லும் தெரியும்.

இதில் அதிகம் அடிபடுபவர்கள் வைட் ஆசைக்காரர்கள். 6×6-ல் 50 மி.மீ. என்பது நல்ல வைட் லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 27 மாதிரி. அந்த ஆசையில் ஒரு 50 எஃப்/4-ஐ வாங்கிச் சின்ன கேமராவில் மாட்டினால் கிடைப்பது? 50 எஃப்/4. அவ்வளவுதான். கேனானின் 50 எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ் 160 கிராம். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வெளிச்சம் வாங்கும், தானே ஃபோகஸும் செய்யும். அதை விட்டுவிட்டு இரும்புக் குண்டைத் தூக்கிக்கொண்டு திரிவதற்குப் பெயர் கலை இல்லை, உடற்பயிற்சி.

கட்டுக்கதை 3: "பெரிய லென்ஸ், அதனால் கூர்மை அதிகம்"

தலைகீழ். 8 அங்குல உயரத்துக்கு ஒரு பிரிண்ட் போடுகிறோம் என்று வையுங்கள். 24 மி.மீ. உயரப் படத்தை எட்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். 56 மி.மீ. படத்தை 3.6 மடங்கு போதும். காகிதத்தில் மில்லிமீட்டருக்கு 5 ஜோடிக் கோடு பிரிந்து தெரிய வேண்டுமென்றால், சின்ன ஃபார்மட் லென்ஸ் ஃபிலிமில் 42 ஜோடி வரைய வேண்டும். 6×6 லென்ஸ் 18 வரைந்தால் தப்பித்துவிடும்.

அதாவது ஃபிலிம் பெரிதாக இருப்பதால் லென்ஸின் வேலை சுலபமாகிறது. பெரிய வட்டம் முழுக்க நன்றாக வரைய வேண்டும் என்பது அதன் பாடு. ஒரு புள்ளியில் அதிநுணுக்கமாக வரைய வேண்டும் என்பது சின்ன ஃபார்மட் லென்ஸின் பாடு. நல்ல மீடியம் ஃபார்மட் லென்ஸ்கள் இந்த 18-ஐ எல்லாம் ஊதித் தள்ளிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் "பெரியது, எனவே கூர்மை" என்கிற தர்க்கம் செல்லாது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சரில் ஒரு பிக்சல் சுமார் 3.9 மைக்ரான். அது மில்லிமீட்டருக்கு 128 ஜோடி வரை பதிவு செய்யத் தயாராக உட்கார்ந்திருக்கிறது. 6×6 ஃபிலிமுக்காகச் செய்த பழைய லென்ஸை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது, மாரத்தான் ஓடுபவரை 100 மீட்டர் பந்தயத்தில் விடுவது போல. நல்ல ஆள்தான், பந்தயம் வேறு.

இதற்கு வரும் பதில், "நாங்கள் நடுப்பகுதியை மட்டும்தானே எடுக்கிறோம், ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுவிடுமே" என்பது. இது பாதி உண்மை. ஓரத்துக் கூர்மை, மூலை இருட்டு எல்லாம் கவலையில்லை, சரி. மீதிப் பாதி? முன்பே சொன்ன அந்த 88 சதவீத வெளிச்சம் எங்கே போகும்? சும்மா போகாது. அடாப்டரின் உள்சுவரிலும் கேமராவின் உள்ளேயும் மோதிச் சிதறி, சென்சர் மேல் மெல்லிய மூடுபனி மாதிரி விழும். கறுப்பு சாம்பலாகும். இந்த வெளிறிய படத்தைப் பார்த்துத்தான் பலர் "ஆஹா, என்ன ஒரு விண்டேஜ் டோன்" என்று உருகுகிறார்கள். அடாப்டருக்குள் கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டி, லென்ஸுக்கு நீளமான ஹூட் போட்டால் பாதி டோன் ஓடிவிடும் :-)

கட்டுக்கதை 4: "மலிவு"

கிழக்கு ஜெர்மனியின் பென்டகான் சிக்ஸ் லென்ஸ்களும், கீவ் நகரத்து அர்செனல் தொழிற்சாலை லென்ஸ்களும் மற்ற மீடியம் ஃபார்மட் லென்ஸ்களைவிட மலிவுதான். ஆனால் மொத்தக் கணக்கைப் போடுங்கள். அடாப்டர் தனிக்காசு. ஆட்டோஃபோகஸ் இல்லை. அப்பர்ச்சரைக் கையால் மூடி, கையால் திறக்க வேண்டும். கண்ணாடிக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

இதை எல்லாம் தாண்டிச் சில குழிகள் இருக்கின்றன. விழுந்தால் எழுந்திருக்க முடியாது.

ஒன்று, மாமியா ஆர்பி67 (மாமியார் இல்லை, மாமியா). 1970-ல் வந்த கேமரா. இதில் ஃபோகஸ் செய்வது கேமராவின் முன்னால் இருக்கும் துருத்தி, லென்ஸ் இல்லை. லென்ஸில் ஃபோகஸ் செய்யும் திருகே கிடையாது. வெறும் குழாய் அடாப்டர் போட்டால் ஒரே தூரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். திருகோடு வரும் அடாப்டர் தேடி வாங்க வேண்டும்.

இரண்டு, காண்டாக்ஸ் 645, ஹாசல்பிளாட் எச் வரிசை. இவற்றில் அப்பர்ச்சர் மின்சாரத்தில் ஓடுகிறது. சாதாரண அடாப்டரில் அப்பர்ச்சரை மாற்றவே முடியாது.

மூன்று, ஹாசல்பிளாட் வி வரிசையின் சி, சிஎஃப் லென்ஸ்கள். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கிறது. விலையில் அந்த ஷட்டருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். உங்கள் டிஜிட்டல் கேமராவில் அது டிக்கெட் எடுத்த பயணியாகச் சும்மா உட்கார்ந்து வரும்.

எதிர்க்கட்சியின் உருப்படியான வாதம்

எதிர்க்கட்சியிடம் ஒரே ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அயோக்கியன். "கணக்கை விடு. ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு கைநடை உண்டு. பயோமெட்டார் 80 எஃப்/2.8 மங்கலை வரைகிற விதம் வேறு, ஸோனார் 180 எஃப்/2.8 வரைகிற விதம் வேறு. அது சின்ன சென்சரிலும் தெரியும்."

ஒத்துக்கொள்கிறேன். லென்ஸுக்கு லென்ஸ் வரைகிற விதம் மாறும். கண்ணாடிகளை அடுக்கிய விதம், மிச்சம் விட்ட பிழைகள், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஆனால் அது அந்த டிசைனின் குணம். மீடியம் ஃபார்மட்டின் குணம் இல்லை.

ஆதாரம் வேண்டுமா? யேனா நகரத்து கார்ல் ஸைஸ் தொழிற்சாலை இதே பயோமெட்டார் 80 எஃப்/2.8-ஐ எக்ஸாக்டா போன்ற 35 எம்.எம். கேமராக்களின் மவுண்ட்டிலும் விற்றது. ஸோனார் 180 கதை இன்னும் ருசி. லூட்விக் பெர்டெலே வடிவமைத்த அந்த லென்ஸ் 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸை ஒட்டி வந்தது, "ஒலிம்பியா ஸோனார்" என்று பெயரே உண்டு. எந்தக் கேமராவுக்கு? காண்டாக்ஸுக்கு. அதாவது 35 எம்.எம். கேமராவுக்கு! பிறகுதான் அதே வம்சத்தில் வந்த 180, பென்டகான் சிக்ஸில் மாட்டிக்கொண்டு மீடியம் ஃபார்மட் தெய்வமாக உட்கார்ந்தது. இன்றைக்கு அதைச் சின்ன கேமராவில் மாட்டி "மீடியம் ஃபார்மட் மேஜிக்" என்பவர்கள், பேரனைக் காட்டித் தாத்தாவுக்கு இனிஷியல் வைக்கிறார்கள்.

பென்டகான் கம்பெனியே தன் 6×6 லென்ஸ்களைத் தன் 35 எம்.எம். கேமராக்களில் மாட்ட அடாப்டர் விற்றது. அவர்களுக்கு அது ஒரு வசதி: இரண்டு கேமரா வைத்திருப்பவர் ஒரே நீள டெலியை இரண்டிலும் போட்டுக்கொள்ளலாம். நியாயமான காரணம். அதற்கு மேல் ஒரு மந்திரம் இருப்பதாகச் சொல்வதுதான் என் சண்டை.

சரி, அந்த உண்மையான சொத்து என்ன?

பிம்ப வட்டம். லென்ஸ் பின்னால் விழ வைக்கும் வெளிச்ச வட்டம். 6×6 லென்ஸின் வட்டம் குறைந்தது 79 மி.மீ. குறுக்களவு இருக்கும், 645 லென்ஸுக்கு 70. ஃபுல் ஃப்ரேமுக்குத் தேவை 43.3 மட்டுமே. நாம் வீணாக்குகிறோம் என்று இவ்வளவு நேரம் திட்டினேனே, அந்த மிச்ச வட்டம்தான் புதையல். அதைப் பயன்படுத்துவதற்கு ஒரு வழி இருக்கிறது: லென்ஸை நகர்த்துவது, சாய்ப்பது.

உயரமான கட்டடத்தை அண்ணாந்து எடுத்தால் அது பின்பக்கம் சாய்வது போல் விழும். கேமராவை நேராக வைத்து லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் கட்டடம் நேராக நிற்கும். இதுதான் ஷிஃப்ட். கேனானின் டிஎஸ்-இ 24 இரண்டாம் பதிப்பு (2009) 12 மி.மீ. நகரும். அதற்காகவே அந்த லென்ஸுக்கு 67.2 மி.மீ. வட்டம் வைத்தார்கள், அதற்காகவே அந்த விலையும் வைத்தார்கள். உங்கள் பழைய 645 லென்ஸிடம் அதைவிடப் பெரிய வட்டம் சும்மா கிடக்கிறது! கணக்குப்படி 6×6 லென்ஸை ஃபுல் ஃப்ரேமில் 23 மி.மீ. வரை மேலே நகர்த்தலாம். கேமராவின் வாய் தடுப்பதால் நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனால் 12 வந்தாலே போதும்.

சாய்ப்பது இன்னும் சுவாரசியம். லென்ஸைச் சாய்த்தால் ஃபோகஸ் தளமும் சாயும். ஆஸ்திரியாக்காரர் தியோடோர் ஷைம்ப்ஃப்ளுக் 1904-ல் காப்புரிமை வாங்கிய விஷயம் இது. மேஜை மேல் பரப்பிய பொருட்கள் முன்னாலிருந்து பின்னால் வரை, அப்பர்ச்சரை மூடாமலே, கூர்மையாக வரும்.

கீவ் நகரத்து ஹார்ட்பிளை கம்பெனி இதைத்தான் புரிந்துகொண்டது. அர்செனல் தொழிற்சாலையின் 45 எஃப்/3.5 மீடியம் ஃபார்மட் கண்ணாடியை எடுத்து, சாயவும் நகரவும் சுழலவும் ஒரு உடல் செய்து, 35 எம்.எம். கேமராக்களுக்கு "சூப்பர் ரொட்டேட்டர்" என்று விற்றது. லுக், மந்திரம், பியானோ எதுவும் இல்லை. வட்டம் பெரிதாக இருக்கிறது, பயன்படுத்துவோம். இதுதான் பொறியியல்.

இப்போது என் வாதத்தின் கடைசி அடி. ஷிஃப்ட் அடாப்டர் போட்டு, கேமராவை நெட்டுக்குத்தாக வைத்து, இடப்பக்கம் 12, நடுவில் ஒன்று, வலப்பக்கம் 12 என்று மூன்று படம் எடுத்து ஒட்டினால் கிடைப்பது 48×36 மி.மீ. படம். ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் என்று மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா இருக்கிறதே, 2017-ல் வந்த அதன் முதல் மாடலில் சென்சர் 43.8×32.9. உங்கள் ஒட்டுப் படம் அதைவிடப் பெரிது! 645 லென்ஸின் வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். (சில கேமராக்களில் மூலை லேசாக இருளும், வெட்டிக்கொள்ளுங்கள்.) இங்கே 80 எஃப்/2.8 லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 58 எஃப்/2 போல நடந்துகொள்ளும். அகலமும் திரும்பி வருகிறது, மெல்லிய ஃபோகஸும் இருக்கிறது. லுக் வந்துவிட்டது! எப்படி வந்தது? ஃபார்மட் பெரிதானதால் வந்தது. லென்ஸை மாட்டியதால் இல்லை. ஆட்கள் அசையாமல் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

காசுள்ளவர்களுக்கு இன்னொரு வழி, நடுவில் கண்ணாடி வைத்த சுருக்கி அடாப்டர். கிப்பான் பேவைஸ் 0.7 மடங்கு என்று ஒன்று இருக்கிறது. பெரிய வட்டத்தைச் சுருக்கிச் சின்ன சென்சரில் இறக்கும். 80 எஃப்/2.8 உண்மையாகவே 56 எஃப்/2 ஆகும். கவனியுங்கள், லுக்கை மீட்க இன்னொரு செட் கண்ணாடி தேவைப்படுகிறது. வெற்றுக் குழாயே லுக்கைக் கொடுத்துவிடும் என்றால் இதை எதற்கு விற்கிறார்கள்?

காசே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கையில் இருக்கும் 50 எஃப்/1.8-ஐ முழுசாகத் திறந்து, கிட்டே நின்று, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டு, பத்துப் பதினைந்து படங்களை வரிசையாக எடுத்து ஒட்டுங்கள். நியூயார்க்கில் கல்யாணப் படம் எடுக்கும் ரையன் பிரெனைசர் இதைப் பிரபலப்படுத்தியதால் அவர் பெயரிலேயே இந்த முறை ஓடுகிறது. செலவு பூஜ்யம். ஃபார்மட் உங்கள் இஷ்டம்.

எனவே, கனம் நீதிபதி அவர்களே...

பழைய லென்ஸ் வாங்காதே என்று நான் சொல்லவில்லை. ஷிஃப்ட், டில்ட்டுக்காக வாங்குங்கள். அருமையான சாமான். தாத்தா வைத்துவிட்டுப் போன ஹாசல்பிளாட் அலமாரியில் இருந்தால் அடாப்டர் வாங்குங்கள். 180 எஃப்/2.8 வேண்டும், கையால் ஃபோகஸ் செய்வது பிடிக்கும் என்றால் ஸோனாரை வாங்குங்கள். உலோகத் திருகு சுழலும் சுகத்துக்காக வாங்குகிறேன் என்றால்கூட எனக்குச் சண்டையில்லை. அது நேர்மையான ஆசை.

வாங்கும் முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் லென்ஸின் பெயரை முழுசாக எழுதுங்கள். "மீடியம் ஃபார்மட்" என்கிற இரண்டு சொல்லையும் அடித்துவிடுங்கள். மிஞ்சுவது ஒரு குவியத் தூரம், ஒரு எஃப் எண், ஒரு எடை, ஒரு விலை. இப்போதும் அது வேண்டுமென்று தோன்றினால் வாங்குங்கள். அந்த இரண்டு சொல் போனதும் ஆசையும் போய்விட்டதென்றால், நீங்கள் லென்ஸ் வாங்கப் போகவில்லை, சொல் வாங்கப் போயிருக்கிறீர்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் திட்டலாம், ஆட்டோ அனுப்பலாம். ஆனால் வெறுங்கையோடு வராதீர்கள். ஒரே குவியத் தூரம், ஒரே எஃப் எண், ஒரே இடம், ஒரே ஆள். ஒரு படம் மீடியம் ஃபார்மட் லென்ஸில், ஒரு படம் 35 எம்.எம். லென்ஸில். பெயர் போடாமல் பத்து ஜோடி கொடுங்கள். பத்தில் ஒன்பதை யாராவது சரியாகப் பிரித்துக் காட்டினால், இதே இடத்தில் பெரிய எழுத்தில் தோல்விப் பதிவு போடுகிறேன். அதுவரை அண்டா சாம்பார் கதைதான்.